கொட்டாம்பட்டிச் சால்வை

நல்லகாமன் மேடையில் பேச ஆரம்பித்தால் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்பான் என்று ஆரப்பாளையத்தில் சொல்வார்கள். மில்லில் வேலை பார்த்தவன். ஸ்டிரைக்கில் முன்னால் நின்று பேசியதற்காக வேலை போனது. மில்லை விட்டு வந்தவனைக் கட்சிக்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள். உசிலம்பட்டி, சோழவந்தான், மேலூர் என்று எங்கே கூட்டம் போட்டாலும் நோட்டீஸில் அவன் பெயர் இருக்கும். பஸ் செலவுக்கென்று கையில் கொஞ்சம் கொடுப்பார்கள். பேசி முடித்ததும் ஒரு சால்வை போர்த்துவார்கள். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் வந்து அவன் இறங்கும்போது, கையில் கொடுத்தது பீடிக்கும், கூட வந்த பையன்களின் இட்லிக்கும் போயிருக்கும். சால்வை மட்டும் தோளில் கிடக்கும்.

அவன் மனைவி ஒச்சம்மாள் அதை வாங்கி உதறி, மடித்து, வேப்பிலை போட்டுத் தகரப் பெட்டியில் வைப்பாள். வைக்கும்போது அவன் பக்கத்தில் நின்றுகொண்டு கதை சொல்லுவான்.

"இது மேலூர். ஒன்றியச் செயலாளர் போத்துனது. மழை கொட்டுது பிள்ள, ஒரு ஆளு நகரல."

"சரி, பல்லு விளக்கிட்டு வாங்க" என்பாள் ஒச்சம்மாள். அடுப்பில் என்ன வைப்பது என்ற யோசனையில் அவளுக்கு மேலூரும் சோழவந்தானும் காதில் ஏறாது.

ஒரே ஒரு சால்வையை மட்டும் அவன் உடனே பெட்டியில் வைக்க விடவில்லை. பச்சை நிறம். ஓரத்தில் மெல்லிய சரிகை. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் அறுப்புக் கூலி கேட்டுக் கூலிக்காரச் சனம் வேலையை நிறுத்தியபோது, அவன் போய் அவர்களோடு பத்துப் பதினைந்து நாள் தங்கி, அவர்கள் வீட்டிலேயே கஞ்சி குடித்து, பேசி முடித்துக் கூலியை உயர்த்தி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான். அதற்கு ஊர்ச்சனம் போர்த்தியது அது. மேடைகூட இல்லை, களத்துமேட்டில் நிற்க வைத்துப் போர்த்தினார்களாம். சின்னான் என்ற ஒருவன்தான் ஊர் சார்பில் போர்த்தியவன். அந்தச் சால்வையை நல்லகாமன் ஒரு வாரம் கட்டில் கம்பியிலேயே போட்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பணக்காரன் போத்துறது வேற, இது வேற" என்றான்.

அதெல்லாம் எமர்ஜென்சிக்கு முன்னால். எழுபத்தாறு மாசியில் ஒரு நாள் காலை போலீஸ் வந்தது. பேச வேண்டாம் என்று சொன்ன பிறகும் எங்கோ ஒரு தெருமுனையில் பேசியிருந்தான். "சட்டையப் போட்டுட்டு வாங்க" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். கூட்டிப்போனது வேறெங்கும் இல்லை, அவர்கள் சந்தின் முனையில் நின்று பார்த்தால் மதில் தெரிகிற ஜெயிலுக்குத்தான். ஜெயில் மணி அடிப்பது வீட்டுக்குள் கேட்கும். புருஷன் அம்புட்டுப் பக்கத்தில் இருந்தான், ஆனால் இல்லை.

அதுவரை அவனுக்காக வீட்டுக்கு வந்துபோன கட்சிக்காரர்களில் பாதிப்பேர் அவனோடு உள்ளே இருந்தார்கள். மீதிப்பேர் அந்தச் சந்துப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒச்சம்மாளிடம் அவள் கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கிக்கொடுத்த கை மெஷின் ஒன்று இருந்தது. அதை வைத்து ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஜெயிலுக்குப் போனவன் வீட்டில் துணி கொடுக்கவே அக்கம்பக்கத்தில் யோசித்தார்கள். போலீஸ் பார்த்துவிட்டால் வம்பு என்று நினைத்தார்களோ என்னவோ.

சித்திரை பிறந்தது. மகள் முத்துத்தாய்க்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகும் பாவாடை பின்பக்கம் கிழிந்து, தைத்த இடத்திலேயே மறுபடியும் கிழிந்து, கடைசியில் ஊக்குப் போட்டுக்கொண்டு போனாள். ஒரு நாள் ஊக்கு திறந்து தொடையில் குத்தி ரத்தம் வந்தது. அழுதுகொண்டு வந்த பிள்ளை, "நான் அழகர் பார்க்க வரலம்மா, நீ மட்டும் போ" என்றாள். ஏன் வரவில்லை என்று ஒச்சம்மாள் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயந்தாள்.

அன்று மத்தியானம்தான் பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்ததைத் தொடவில்லை. அடியில் கையை விட்டு ஒன்றை உருவினாள். அரக்கு நிறச் சால்வை. எந்த ஊரில் போர்த்தியது என்று நினைத்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை. வராதது நல்லது என்று தோன்றியது.

தரையில் விரித்ததும் அவளுக்குள் இருந்த தையல்காரி விழித்துக்கொண்டாள். ஒரு தோளை மூடுவதற்கென்று நெய்த துணி அது. பளபளப்பு உண்டு, ஆனால் மெலிசு, வெளிச்சத்தில் பிடித்தால் கை தெரியும். உள்ளே துணி கொடுக்காமல் பாவாடை ஆகாது. அவன் பழைய வேட்டி ஒன்று இருந்தது. கட்சிக் கரையைப் பிரித்து எடுத்துவிட்டு அந்த வெள்ளையை உள்துணிக்கு வைத்துக்கொண்டாள். சால்வையின் இரண்டு முனையிலும் இருந்த அகலமான சரிகையை வெட்டி, ஒட்டுப்போட்டு, பாவாடையின் கீழ்ச்சுற்றுக்கு வைத்தாள். சிறிய சரிகையைச் சட்டையின் கைக்கு. கத்தரியை வைத்த முதல் வெட்டில் மட்டும் கொஞ்ச நேரம் கை நின்றது. பிறகு நிற்கவில்லை.

முத்துத்தாய் போட்டுக்கொண்டு நின்றபோது பட்டுப் பாவாடை என்றே தோன்றியது. அந்தப் பிள்ளை கீழே உட்காரவே மாட்டேன் என்றது.

அடுத்த வாரம் ஜெயிலில் பார்க்க அனுமதி கிடைத்தது. முத்துத்தாய் அதே பாவாடையைத்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். ஒச்சம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்ற நல்லகாமன் இளைத்திருந்தான். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ஏ ஆத்தா, ராணி கணக்கா இருக்க. யாரு எடுத்துக் குடுத்தா?"

ஒச்சம்மாள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். மகள் வாயைத் திறப்பதற்குள், "பரவைச் சந்தையில பீஸ் துணி எடுத்தேன்" என்றாள்.

"நல்லா இருக்கு. இப்படித்தான் பிள்ளைய வச்சுக்கணும்" என்றான் அவன்.

ஒரு ராத்திரி முழுக்கத் தன் தோளில் கிடந்த துணி அவனுக்குத் தெரியவில்லை. திரும்பி நடந்து வரும்போது அதை நினைத்து அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஏதோ செய்யக்கூடாததைச் செய்த மாதிரியும் இருந்தது. வீட்டுக்கு வந்து மகளிடம், "அப்பாகிட்ட இதைப் பத்திப் பேசப்படாது" என்று மட்டும் சொன்னாள். முத்துத்தாய் தலையாட்டினாள்.

அந்தப் பாவாடையைப் பார்த்துவிட்டுத்தான் ராக்கம்மாள் வந்தாள். பரவைச் சந்தையில் தரையில் சாக்கு விரித்து ஜாக்கெட் பிட், சீட்டித்துணி விற்கிறவள். துணியைப் புரட்டி உள்பக்கத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"கெட்டிக்காரி டீ நீ. இன்னும் எம்புட்டு இருக்கு?"

"இல்லக்கா. இது ஒண்ணுதான்."

"பொய் சொல்லாத. ஒம் புருசன் பேசாத ஊரா? இந்த மாதிரி நாலு தச்சுக் குடு, காதுகுத்துக்கு எடுக்குற சனம் கொத்திக்கிட்டுப் போகும். வயித்தப் பட்டினி போட்டுட்டு எதுக்கு இதைப் பூட்டி வச்சிருக்க?"

ஒச்சம்மாள் பாவாடையை அவள் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துவிட்டாள். நாலு நாள் கழித்து அடுப்பு பற்ற வைக்க வழியில்லாமல் போனபோது மறுபடியும் பெட்டியைத் திறந்தாள். அப்புறம் திறந்துகொண்டேயிருந்தாள். மேலே இருப்பது மேலேயே இருக்கும், அடியில் இருந்து உருவுவாள். அடுக்கின் உயரம் குறையாமல் இருக்க, வெட்டியதற்குப் பதிலாகப் பழைய சேலை, கிழிந்த வேட்டி என்று மடித்து உள்ளே வைத்தாள். பச்சைச் சால்வை எப்போது கைக்கு வந்ததென்றால், ஆடி மாதம், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு ஊசி போட வேண்டியிருந்தபோது. அது எது என்று அவளுக்குத் தெரியும். நிறம் பார்த்து, சரிகை பார்த்து, தெரிந்துதான் வெட்டினாள். அதில் வந்த பாவாடை யாருக்குப் போனது என்பதைக்கூட ராக்கம்மாளிடம் கேட்டுவைக்கவில்லை.

மறு வருஷம் எல்லோரையும் விட்டார்கள். நல்லகாமன் வெளியே வந்த அன்று சந்து முழுக்கக் கூட்டம். மறுபடியும் மேடை, மறுபடியும் சால்வை. அவன் கொண்டுவந்து கொடுத்ததைப் பெட்டியில் மேலாக வைத்தாள். இனிமேல் அவன் சால்வையைத் தொடுவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். தொட வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. ஊரில் சால்வை வாங்கினவன் அவன் ஒருவன் மட்டுமா? மற்றக் கட்சிக்காரர்களின் பெண்டாட்டிமார் தாங்களாகவே முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கே.கே. நகரில் ஒரு காண்டிராக்டர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் மூட்டையாகவே கொண்டுவந்தாள். தையல் தொழில் ஓடியது. பீஸ் துணி வாங்கித் தைக்கிறேன் என்று புருஷனிடம் சொல்லியிருந்தாள். அவனும் அதற்கு மேல் கேட்கிற ஆள் இல்லை. அவன் பார்வை எப்போதும் வாசலுக்கு வெளியே.

ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வரும். பேசி ஜெயித்துவிட்டு வந்து நிற்கிறவனிடம் எதைச் சொல்வது என்று விழுங்கிவிடுவாள். அப்படியே நாலைந்து வருஷம் போயிற்று.

எண்பத்திரண்டில் அவனுக்குக் குரல் கம்மியது. பேசிப்பேசித் தொண்டை கட்டியிருக்கிறது என்று மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். மேலூர்க் கூட்டத்தில் பாதியில் குரல் சுத்தமாக அடைத்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினான். பெரியாஸ்பத்திரியில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவர்கள், உள்ளே கட்டி இருக்கிறது, பேசவே கூடாது என்றார்கள். நோட்டீஸில் பெயர் போடுவது நின்றது. முதலில் வந்து பார்த்தவர்கள் பிறகு ஆள் விட்டு விசாரித்தார்கள். பிறகு அதுவும் இல்லை.

குரல் போய், காற்று மாதிரி ஒரு சத்தம்தான் மிச்சம் இருந்தது. உதட்டைப் பார்த்து அதைப் புரிந்துகொள்ள ஒச்சம்மாளால் மட்டும்தான் முடிந்தது. யாராவது வந்தால் அவன் முணுமுணுப்பான், அவள் அதைச் சத்தமாகச் சொல்லுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் சின்னான் வந்தான். கையில் ஒரு மஞ்சள் பை நிறைய நிலக்கடலை. வாசல்படிக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, குத்தவைத்து உட்காரப் போனவனை நல்லகாமன் எழுந்துபோய்க் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்தான்.

"அண்ணே, ஒங்க தொண்டை போச்சுன்னு மேலூர்ச் சந்தையில சொன்னாய்ங்க. மனசு கேக்கல. அதான் வந்தேன்."

நல்லகாமனின் கண் கலங்கிவிட்டது. மாதக்கணக்கில் அவனைத் தேடி ஒரு மனுஷன் வந்தது அதுதான் முதல் தடவை. ஒச்சம்மாளைப் பார்த்து உதட்டை அசைத்தான்.

அவளுக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நின்றாள். அவன் இன்னொரு முறை சொன்னான். அந்தப் பச்சைச் சால்வையை எடுத்துக்கொண்டு வா. இவன் போர்த்தியதை இன்னும் வைத்திருக்கிறேன் என்று இவன் பார்க்கட்டும்.

"என்ன சொல்றாரு அண்ணன்?" என்றான் சின்னான்.

"காப்பி போடச் சொல்றாரு" என்று சொல்லிவிட்டு உள்பக்கம் போனாள். உள்பக்கம் என்றால் தனி அறை இல்லை, குறுக்கே கட்டிய ஒரு சேலைத் திரைதான். பெட்டிக்கு முன்னால் நின்றாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். காப்பி கலந்தாள். சால்வை இல்லாமல் காப்பியோடு மட்டும் வந்தவளைப் பார்த்த நல்லகாமன், அவளுக்குக் காது கேட்கவில்லையென்று நினைத்துச் சிரித்துவிட்டு, தானே எழுந்து திரைக்குப் பின்னால் போனான். அவளும் பின்னாலேயே போனாள்.

அவன் பெட்டியைத் திறந்தான். மேலே இருந்த புதுச் சால்வைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தான். அதற்குக் கீழே ஒரு பழைய சேலை. அதற்குக் கீழே வேட்டிக் கந்தல். இன்னும் கீழே பாவாடை நாடா, வெட்டி எறிந்த ஓரங்கள். அடித்தகரம் தெரிகிறவரை எடுத்துப்போட்டான். அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"இல்லைங்க" என்றாள் ஒச்சம்மாள். "வெட்டிட்டேன். நீங்க உள்ள இருந்தப்ப. எல்லாத்தையும் பாவாடையா தச்சு வித்துட்டேன். பச்சையும்தான்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் இருந்த சின்னானுக்குக் கேட்காமல் இருக்குமா, அது ஒரு சேலைதானே. நல்லகாமன் மெஷினைப் பார்த்தான். அதன் மேல் பாதி தைத்த மஞ்சள் சால்வை ஒன்று கிடந்தது. யாருடைய சால்வையோ. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அவன் வெளியே வந்தபோது சின்னான் எழுந்து நின்றிருந்தான்.

"விடுங்கண்ணே. துணிதானே" என்றான்.

ஆனால் அவன் முகம் அப்படிச் சொல்லவில்லை. காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவப் போனவனிடமிருந்து ஒச்சம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். "வாரேங்க" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து நல்லகாமன் அவளிடம் உதட்டை அசைப்பதை நிறுத்திவிட்டான்.

கோபித்துக் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். நான் என்ன தின்னு அழிச்சேனா, ஒங்க பிள்ளைக்குத்தானே செஞ்சேன் என்று கேட்டிருப்பாள். கத்த அவனுக்குக் குரல் இல்லை. பேசாமல் இருப்பது நோயா, அவள்மேல் உள்ள வெறுப்பா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் முத்துத்தாயைக் கூப்பிட்டுக் காதோடு சொல்லுவான். பதினாலு வயதுப் பெண், நடுவில் நின்றுகொண்டு, "அம்மா, அப்பா தண்ணி கேக்குறாரு", "அம்மா, அப்பாவுக்குக் கஞ்சி போதுமாம்" என்பாள். ஒரே வீட்டுக்குள், நாலடித் தூரத்தில்.

ஒரு நாள் முத்துத்தாய் அழுதாள். "நான் அன்னைக்கு அந்தப் பாவாடைக்கு ஆசைப்பட்டிருக்கக் கூடாதும்மா."

"போடீ கிறுக்கி" என்றாள் ஒச்சம்மாள். "நீ அம்மணமா நிக்கவா அந்த மனுசன் ஊரு ஊராப் பேசுனாரு?" சொல்லிவிட்டு மெஷினை ஓட்டினாள். அந்தச் சத்தத்தில் அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. விழட்டும் என்றுதான் சொன்னாள்.

மறு வருஷம் ஐப்பசியில் விழுங்க முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சு விட வைத்தார்கள். ஒரு நாள் மத்தியானம் அவள் அவன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் அவள் கையைப் பிடித்தான். உதடு அசைந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அவளுக்கு அது உடனே புரிந்தது.

கொட்டாம்பட்டிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வா.

"என்னத்தச் சொல்ல?"

உள்ளதை, என்றது உதடு. நீயே சொல்லு.

மகளைக் காவலுக்கு வைத்துவிட்டு அவள் திருச்சி பஸ் ஏறினாள். வெறுங்கையோடு போக முடியாமல் வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டாள். தைத்த பாவாடை ஒன்றை எடுத்துப் போகலாமா என்று நினைத்து, அது அவர்களைக் கேலி செய்கிற மாதிரி ஆகிவிடும் என்று வைத்துவிட்டாள். கொட்டாம்பட்டியில் இறங்கி, விசாரித்து விசாரித்து வண்டிப்பாதையில் நடந்தாள். சின்னான் வீட்டில் அவன் மனைவி முனியாயி மட்டும் இருந்தாள். வந்தது யார் என்று தெரிந்ததும் பதறிப்போய், கடையில் கலர் சோடா வாங்கிவர ஆள் தேடினாள்.

"கலரெல்லாம் வேணாம். செம்புல தண்ணி குடுங்க" என்றாள் ஒச்சம்மாள். முனியாயி ஒரு கணம் தயங்கிவிட்டுச் செம்பைக் கொண்டுவந்தாள். இவள் குடித்துவிட்டு, வந்த காரியத்தை ஆரம்பித்தாள்.

"தெரியுங்க. அவரு வந்து சொன்னாரு" என்றாள் முனியாயி. செம்பை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "அன்னைக்கே நான் இந்த மனுசங்கிட்டச் சொன்னேன். அவரு வீட்டுல பொம்பளப் பிள்ளை இருக்குன்னா பாவாடைத் துணியா எடுத்துக் குடுங்கய்யான்னு. மேடைக்காரருக்குப் பாவாடையா குடுப்பாகன்னு சிரிச்சாய்ங்க."

ஒச்சம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆனால் முனியாயி சிரிக்கவில்லை.

"வீட்டுக்கு வீடு காசு போட்டு வாங்குனது. எங்க பங்குக்கு முட்டையிடுற கோழியை வித்தோம். அந்தப் பொங்கலுக்கு எம் மகளுக்கு மாத்துத் துணி இல்லங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளை துணியக் கடன் வாங்கிப் போட்டு விட்டேன்."

இதுவரை ஒச்சம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் ஒன்றுகூட அந்த இடத்தில் வாயில் வரவில்லை.

கிளம்பும்போது முனியாயி குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீக. ஊருல யாருக்கும் தெரியாது. சால்வை பெட்டியில பத்திரமா இருக்கு, கண்ணால பாத்தேன்னு இவரு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்காரு. இல்லைன்னு சொல்ல அவருக்கு வாய் வரல. யாராச்சும் கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிட்டுப் போங்க."

கேட்கத்தான் செய்தார்கள். வண்டிப்பாதை முனையில் மருது என்ற கிழவர் அவளை நிறுத்தினார். "அண்ணன் வீட்டு அம்மாவா? அவருக்கு ஒடம்பு எப்படி? நம்ம சால்வையை இன்னமும் வச்சிருக்காராமே."

"இருக்குங்க" என்றாள் ஒச்சம்மாள்.

உள்ளதைச் சொல்ல வந்தவள் பொய்யைச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் அவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். சொன்னாயா என்று கேட்டான்.

"சொன்னேன்."

என்ன சொன்னார்கள்?

"சாப்பிட்டுப் போகச் சொன்னாங்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த அமைதியைப் பார்க்க அவளால் முடியவில்லை, வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டாள். அதன்பிறகு அவளோடு பேசினான். கஞ்சி சூடு என்றான், மகளுக்கு மாப்பிள்ளை பார் என்றான். அவளும் பதில் சொன்னாள். எப்போது பேசினாலும் அந்தப் பொய் இருவருக்கும் நடுவில் இருப்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

மாசியில் இறந்துபோனான். இறந்த பிறகு கட்சி வந்தது. கொடி வந்தது, மைக் செட் வந்தது, அவனை மறந்திருந்தவர்கள் எல்லாம் வந்து ஆளுக்கொரு சால்வை போர்த்தினார்கள். கொட்டாம்பட்டியிலிருந்தும் ஒரு கூட்டம் வந்தது. சின்னான் முன்னால் நின்றான். மருதுக் கிழவர் கும்பிட்டுவிட்டு, ஒச்சம்மாளிடம் வந்தார்.

"ஆத்தா, நம்ம சால்வையை எடுத்து மேலாப் போத்தி விடு. அதோட போகட்டும்."

சுற்றி இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். சின்னான், "இந்த நேரத்துல எங்க போய்த் தேட, விடு பெரியவரே" என்று இடையில் வந்தான். அவன் சொன்னபடி விட்டிருக்கலாம். தேடுகிறேன் என்று உள்ளே போயிருக்கலாம், கூட்டத்தில் மறந்துபோயிருக்கும். ஆனால் கிடத்தியிருந்த புருஷனுக்கு முன்னால் இன்னொரு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"இல்லைங்கய்யா. அதை நான் எப்பவோ வெட்டிப் பாவாடை தச்சு வித்துட்டேன். இவருக்கும் அது பிந்தித்தான் தெரியும். அவரு மேல குத்தம் இல்ல."

கிழவர் அவளைப் பார்க்கவில்லை. சின்னானைப் பார்த்தார். "கண்ணால பாத்தேன்னு சொன்னியேடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சின்னான் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தை விட்டு வெளியே போனான். கட்சிக்காரர் ஒருவர் அவசரமாகக் கொடியை இழுத்துப் போர்த்தினார். மைக்கில் யாரோ பேச ஆரம்பித்தார்கள்.

உண்மையைச் சொன்னதில் தன் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. தன் புருஷனைக் காப்பாற்றப் பொய் சொன்ன ஒருவனை ஊருக்கு முன்னால் பொய்யனாக்கிவிட்டோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொல்லி அனுப்பினாள். கொட்டாம்பட்டியிலிருந்து யாரும் வரவில்லை. அதன்பிறகு சின்னானை அவள் பார்க்கவே இல்லை.

இழவன்று, பிணத்தின் மேல் போர்த்திய சால்வைகளைச் சுடுகாட்டுக்குக் கிளம்பும் முன் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள் ராக்கம்மாள். "அம்புட்டும் நல்ல துணி. யாரும் ஒண்ணும் நினைக்கமாட்டாங்க" என்றாள். ஒச்சம்மாள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

அதற்காகத் தொழிலை விட்டுவிட்டாளா என்றால் இல்லை. விட்டால் யார் சோறு போடுவார்கள்? முத்துத்தாயும் அம்மாவோடு உட்கார்ந்து தைத்தாள். அவளை உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்ததும் அந்தச் சரிகைப் பாவாடைகளின் வருமானத்தில்தான். கே.கே. நகரிலிருந்து பாத்திரம் தேய்ப்பவள் முன்புபோலவே மூட்டை கொண்டுவந்தாள். ஒரே ஒரு மாற்றம். மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்னால் ஒச்சம்மாள் ஒரு கேள்வி கேட்பாள்.

"குடுத்துவிட்டது யாரு, அந்தம்மாவா? ஐயாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கு எதுக்குத் தெரியணும்? போட்டு மறந்துட்டாரு."

"கேட்டுட்டு வா" என்று மூட்டையைத் திருப்பி அவள் தலையில் ஏற்றிவிடுவாள். அவள் முணுமுணுத்துக்கொண்டே போவாள். பாதி மூட்டைகள் திரும்பி வரவே வராது.